இறால் வாடை அடிக்கும் குல்லாய்

1

கொச்சி என்றதும் ஊரில் இருக்கும் உங்களுக்கு மழையும் தென்னையும் கப்பலும் நினைவுக்கு வரும். எனக்குக் குளிர்தான் நினைவுக்கு வரும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற ஊரில் குளிர் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். மட்டாஞ்சேரி இறால் கம்பெனிகளின் குளிர் அறைக்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள், மூக்கு மயிர் விறைத்துவிடும். அதற்குள்தான் இத்தனை வருஷமாகப் பெட்டி அடுக்குகிறேன். சங்கரன்கோவில் வெயிலுக்குத் தப்பி ஓடிவந்த மனுஷன் ஐஸில் வந்து மாட்டிக்கொண்டார் என்று என் மனைவி சண்முகத்தாய் சொல்லிச் சிரிப்பாள். இப்போதெல்லாம் சிரிப்பதில்லை, சொல்வதோடு சரி.

கடல் தாண்டிப் போனவர்கள்தான் வழக்கமாக இந்த மாதிரிக் குறிப்புகளை எழுதுவார்கள். நான் தாண்டியது செங்கோட்டை மலையை மட்டும். ஆனாலும் பேச்சு மாறி, அரிசி மாறி, பெற்ற பிள்ளை வேறு மொழியில் தூக்கத்தில் உளற ஆரம்பித்த பிறகு தூரத்தை அளந்து என்ன ஆகப்போகிறது?

போன ஞாயிற்றுக்கிழமை, மழை சற்று விட்டிருந்த நேரம், ஒரு பையன் வாசலில் வந்து நின்றான். பையன் என்றால் கல்யாணம் ஆனவன்தான். முகம் மட்டும் இன்னும் பையன் முகம்.

"தமிழாளுக வீடு இதானாண்ணே?"

பெயர் முருகேசன். ஒட்டன்சத்திரம் பக்கம். பள்ளுருத்தியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பொண்டாட்டிக்கு நாளு இருக்கையிலேயே புள்ள பொறந்துருச்சுண்ணே. பொட்டப்புள்ள. அக்கரை ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காக. போடுறதுக்குப் பழைய துணி வேணும். ஊர்ல இருந்து ஆளு வர நாளாகும்."

பழைய வேட்டி ஒன்று எடுக்க உள்ளே திரும்பினேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"புள்ள போட்ட துணியா இருந்தா நல்லதுன்னு அவ சொல்றா. உங்க பாப்பாவும் அந்தப் பெட்டிக்குள்ள கெடந்து பொழச்சதுன்னு சாயாக்கடையில சொன்னாக."

அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. சண்முகத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் நினைத்தது என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் டிரங்குப் பெட்டியின் அடியில், வேப்பிலை போட்டு, ஒரு கம்பளிக் குல்லாயும் இரண்டு காலுறையும் இருக்கின்றன. அவளுடைய சொந்தத் தங்கச்சி கேட்டபோதுகூடத் தரவில்லை.

"சாயங்காலம் வா தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

2

கல்யாணமாகி நாங்கள் இங்கே வந்த வருஷம், கம்பெனியில் எங்களுக்குத் தடித்த கோட்டு கொடுத்தார்கள். ஆளுக்கொன்று இல்லை. ஒரு ஷிப்டு கழற்றிப் போட்டதை அடுத்த ஷிப்டு மாட்டிக்கொள்ள வேண்டும். முன்னால் போட்டவனுடைய வேர்வை உள்ளே ஈரமாக இருக்கும். குளிர் அறைக்குள் போனதும் அந்த ஈரம்தான் முதலில் கடிக்கும். வந்த மாதத்திலேயே எனக்கு இருமல் பிடித்தது.

சண்முகத்தாய் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். அங்கே பாடத்தைவிடக் குரோஷாப் பின்னலை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்கள் போலிருக்கிறது. ரேடியோவுக்கு உறை, தண்ணீர்ப் பானைக்கு மூடி, கண்ணாடிக்குத் திரை என்று எதைப் பார்த்தாலும் நூலால் மூடிவிடுவாள். என் இருமலைப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூர் போய்வந்த ஒருவர் மூலம் கம்பளி நூல் வாங்கினாள். மயில்கழுத்து நிறம். கோட்டுக்கு உள்ளே போட ஒரு ஸ்வெட்டர் பின்னித் தந்தாள். இடது கை வலது கையைவிட நீளம்.

"உங்க கைதான் அப்படி" என்று சாதித்தாள்.

அந்த ஸ்வெட்டரோடு மூன்று மழைக்காலம் பார்த்தேன். இருமல் நின்றது. ஆனால் அதில் இறால் வாடை ஏறிவிட்டது. என்ன சோப்புப் போட்டாலும் போகாது. போட்டில் அக்கரைக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர் மெல்ல நகர்ந்து உட்காருவார். (அக்கரை என்று நாங்கள் சொல்வது எர்ணாகுளத்தை. நடுவில் காயல் இருக்கிறது.) முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகாமல் எங்கே போக?

3

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளைகாப்பு முடித்து ஊருக்கு அழைத்துப் போக நாள் குறித்திருந்தார்கள். பாயிலிருந்து பழந்துணி வரை எல்லாம் அங்கேதான் காத்திருந்தன. இங்கே பிள்ளைக்கென்று ஒரு துண்டுத் துணி கிடையாது. பிறப்பதற்கு முன்னால் எதையும் வாங்கவோ தைக்கவோ கூடாது என்பது சண்முகத்தாய் வீட்டு வழக்கம். கை நிறையப் பின்னல் தெரிந்தவள், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு கண்ணிகூடப் பிள்ளைக்காகப் போடவில்லை. ஊசி கையில் இருந்தால் மனசு இழுக்கும் என்று ஊசியைப் பரணில் போட்டுவிட்டாள்.

குறித்த நாளுக்கு முன்பே வலி வந்தது. பக்கத்து வீட்டு ரீத்தா சேச்சிதான் கையைப் பிடித்துக்கொண்டு போட்டில் ஏற்றினார். எங்கள் கம்பெனியிலேயே இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்கிறவர். பிள்ளை பிறந்தது. ஒரு உள்ளங்கைக்கு நீட்டமாக இருந்தது, அவ்வளவுதான். அழுகை பூனைக்குட்டிச் சத்தம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். ஊருக்குத் தந்தி அடித்தேன். அங்கே மலையில் மண் சரிந்து ரயில் நின்றிருந்தது.

சில நாள் கழித்து நர்ஸ் வந்து சொன்னார். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது, இன்னும் ஏறினால் பெட்டியிலிருந்து எடுத்து அம்மாவிடம் தருவோம், ஆனால் உடம்புச் சூடு இறங்கக் கூடாது. "கம்பிளித் தொப்பி வேணும், சாக்ஸ் வேணும். அதில்லாதெ கொச்சினெத் தரில்ல" என்றார். கொச்சு என்றால் இங்கே குழந்தை.

நான் ஓடினேன். கடைத்தெருவில் தேடி ரோஸ் நிறத்தில் குல்லாயும் காலுறையும் வாங்கிக்கொண்டு மழையில் நனைந்து வந்து கொடுத்தேன். சண்முகத்தாய் அதைத் தொட்டுப் பார்த்தாள். தலையணைக்கு அடியில் செருகிவிட்டாள்.

"இது வேண்டாம்."

"ஏன்?"

"புதுசுல்லா. பொறந்த பிள்ளைக்குப் புதுசு போட்டா கண்ணு பட்டுரும். தங்காது. மொதல்ல பழசுதான் போடணும், உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளை பெட்டிக்குள் கிடக்கிறது, இவள் பழசு புதுசு பேசுகிறாள். வார்டு என்று பார்க்காமல் கத்தினேன். அவள் கண்ணில் தண்ணீர் வழிய, கண்ணாடிப் பெட்டி இருக்கும் அறைக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் அடங்கிவிட்டது. அவள் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது பிடிவாதத்தால் அல்ல. பிள்ளையைக் காப்பாற்ற அவள் கையில் வேறு எதுவும் இல்லை.

"சரி, வீட்டுல என்ன பழசு இருக்கு?"

யோசித்தோம். ஒன்றுமில்லை. பழைய வேட்டி, பழைய சேலை எல்லாவற்றையும் போட்டுத்தான் அதற்கு முந்தின மாதம் பாத்திரக்காரனிடம் எவர்சில்வர் குடம் வாங்கியிருந்தாள். ஊரில் என்றால் நாலு வீட்டில் கேட்கலாம். எந்த வீட்டுப் பிள்ளை நன்றாக வளர்ந்ததோ அந்த வீட்டுத் துணி தானாக வந்து சேரும். இங்கே யாரிடம் போய் நிற்பது? யார் வீட்டுப் பழசை நாங்கள் கேட்க முடியும்? அன்றைக்கு அந்த வார்டில் நின்றபோதுதான் ஊரை விட்டு வந்தது உறைத்தது. மற்ற நாட்களில் வேலை இருந்தது, உறைக்க நேரமில்லை.

அவள்தான் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தேன். கோட்டைக் கழற்றியிருந்தேன், ஸ்வெட்டரைக் கழற்ற மறந்திருந்தேன்.

"அதைக் கழத்துங்க" என்றாள்.

4

அவள் சொன்னபடி எல்லாம் செய்தேன். கழுத்துப் பட்டையில் இடது பக்கம் கடைசி முடிச்சு இருக்கும், அதை அவிழ்த்தால் மடமடவென்று பிரிந்து வரும் என்றாள். தோள்பட்டையில் தையலைப் பிரித்துக் கையைத் தனியாக எடுக்க வேண்டும் என்றாள். வீட்டில் உட்கார்ந்து பிரித்தேன். அவள் மாதக்கணக்கில் போட்ட கண்ணியெல்லாம் என் கையில் அவிழ்ந்து சுருள் சுருளாக வந்தது. நாற்காலி முதுகில் சுற்றினேன். இரண்டு கைகளும் முடிந்தபோது அறை முழுக்க இறால் வாடை.

இந்த வாடையோடா பிள்ளைக்குப் போடுவது?

இறால் கம்பெனிக்காரன் புத்தி எங்கே போகும்? எங்களுக்குச் சுத்தம் என்றால் குளோரின் தண்ணீர். ஷெட்டுக்குள் நுழையும்போது அதில் காலை நனைக்க வேண்டும், கையை முக்க வேண்டும். கத்தி, மேஜை, தட்டு எல்லாம் அதில்தான். இறால் வாடைக்கு அதைவிட்டால் மருந்தில்லை என்று மனசில் ஊறிப்போயிருந்தது. பிள்ளைக்கல்லவா, நன்றாகவே சுத்தமாகட்டும் என்று வாளித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கரைத்து, இரண்டு கையின் நூலையும் ஊறப்போட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து வாளியில் கையை விட்டால் மயில்கழுத்து நிறத்தைக் காணோம். பழுத்த இலை நிறத்தில் கொழகொழவென்று ஏதோ வந்தது. இழுத்தால் இழுத்த இடத்தில் அறுந்தது.

நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சத்தம் கேட்டு ரீத்தா சேச்சி வந்தார். வாளியை எட்டிப் பார்த்தார், முகர்ந்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"எடா பொட்டா, கம்பளிய யாராவது பிளீச்சிங்கில் இடுவோ? இது செம்மீனா?"

பொட்டன் என்றால் இங்கே முட்டாள், செம்மீன் என்றால் இறால். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது. மிச்சமிருந்த உடம்புப் பாகத்தை அவரே வாங்கிப் பிரித்தார். சோப்புத் தண்ணீரில் மெதுவாக அலசி, நிழலில் கட்டித் தொங்கவிட்டார். வாடை பாதி போனது, பாதி நின்றது. மூன்று மழைக்காலம் பெட்டி தூக்கி உரசியதில் முன்னும் பின்னும் நைந்து துண்டு துண்டாக வந்தது, அதையெல்லாம் கழித்தால் தேறியது ஒரு கைப்பிடி நூல்தான். குட்டி ஸ்வெட்டர் பின்னும் ஆசையெல்லாம் போயிற்று. குல்லாயும் காலுறையும் வந்தால் பெரிய காரியம்.

பரணிலிருந்து ஊசியைத் தேடி எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனேன். ஸ்வெட்டரின் கைகள் இரண்டும் என்ன ஆயின என்று சண்முகத்தாய் கேட்டாள். சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"அந்த இடது கை நீளமாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

படுக்கையில் சாய்ந்தபடியே பின்னினாள். பிள்ளையின் தலை எவ்வளவு என்று அவளுக்குத் திட்டமாகத் தெரியாது, பெட்டிக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்ததுதான். நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் மேஜைமேல் இருந்த ஆரஞ்சுப் பழத்தைக் காட்டி, இதைவிடச் சற்றுப் பெரிது என்றார். அந்தப் பழத்தின் மேல் வைத்து வைத்துப் பார்த்துப் பின்னினாள். காலுறைக்கு என் கட்டைவிரல்தான் அளவு. இரண்டு காலுறையும் முடிந்தன. குல்லாய் நெற்றிக்கு வரும் முன்பே நூல் தீர்ந்துவிட்டது.

ரீத்தா சேச்சி சாப்பாடு கொண்டுவந்திருந்தார். வெள்ளை நூல் வாங்கி வரட்டுமா என்று கேட்டார். சண்முகத்தாய் தலையை ஆட்டினாள், புது நூல் ஆகாது. சேச்சி வீட்டுக்குப் போனார். மறுநாள் வரும்போது ஒரு பழைய தலையணை உறையைக் கொண்டுவந்தார். அதன் விளிம்பில் அவர் தன் கல்யாணத்துக்குப் பின்னிய வெள்ளை ஓரம் இருந்தது.

"இதில் என்றெ மூன்னு மக்களும் கிடந்து உறங்கியதா. மதியோ?" என்றார். அவருடைய மூன்று பிள்ளைகளும் படுத்துத் தூங்கிய உறை, போதுமா என்று கேட்டார்.

அந்த ஓரத்தை அங்கேயே உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார். மயில்கழுத்துக் குல்லாய்க்கு நெற்றியில் வெள்ளைப் பட்டை வந்தது. யார் வீட்டுப் பழசைக் கேட்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே வந்துவிட்டது.

5

குல்லாய் போட்டுத்தான் பிள்ளையைத் தந்தார்கள். நர்ஸ் மூக்கைச் சுளித்து, "இதெந்தா மணம்?" என்று கேட்டார். சண்முகத்தாய் பிள்ளையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். பெட்டிக்கு வெளியே முதல் இரண்டு நாள் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். சூடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு வாய்விட்டு அழுதது. வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தத்துக்காக நான் எதை வேண்டுமானாலும் அவிழ்த்துக் கொடுத்திருப்பேன்.

நான் குளிர் அறைக்குக் கோட்டை மட்டும் போட்டுக்கொண்டு போனேன். இருமல் திரும்ப வந்தது, இன்னும் போகவில்லை. அடுத்த வருஷம் நூல் வாங்கிப் பின்னித் தருகிறேன் என்றாள். அடுத்த வருஷம் பிள்ளைக்குப் பால், அதற்கடுத்த வருஷம் வாடகை. அப்படியே போய்விட்டது.

6

கோமதி என்று பெயர் வைத்தோம், எங்கள் ஊர் அம்மன் பெயர். பிறப்பைப் பதியப் போன இடத்தில் வீட்டுப் பெயர் கேட்டார்கள். இங்கே எல்லாக் குடும்பத்துக்கும் வீட்டுப் பெயர் உண்டு. எங்களுக்கு ஏது? வாடகை வீடு என்றேன். குமாஸ்தா பேனாவைப் பிடித்துக்கொண்டு, காலியாக விட முடியாது என்றார். வீட்டுக்காரருடைய வீட்டுப் பெயரை எழுதினார். அந்தப் பெயரோடுதான் அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்து வருஷக்கணக்கு ஆகிறது. யாரோ ஒருவருடைய வீட்டைச் சுமந்துகொண்டு என் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

மலையாளம் தண்ணீராக எழுதுகிறாள். தமிழ் எழுத்தைக் காட்டினால் கொட்டாவி விடுகிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில். பள்ளியில் பாண்டி என்று யாரோ கேலி செய்திருக்கிறார்கள். தமிழர்களுக்கு இங்கே அப்படி ஒரு பெயர். ஊருக்குப் போனால் என்னை மலையாளத்தான் என்கிறார்கள். இரண்டு பக்கமும் இல்லாமல் ரயிலில்தான் நிம்மதி.

போன மாதம் மழையில் அவளுக்குக் குடை கொண்டுபோனேன். வேலையிலிருந்து நேரே போயிருந்தேன். அவள் பள்ளிக் கேட்டுக்கு வெளியே வந்து, கூட்டாளிகள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "அச்சன் இனி இங்கோட்டு வரண்டா, மணம்" என்றாள். இனிமேல் இங்கே வராதே, வாடை அடிக்கிறது. குடையைக் கொடுத்துவிட்டு வந்தேன். சண்முகத்தாயிடம் சொல்லவில்லை. எனக்கு மிகவும் சோர்வாக இருந்தது. பெட்டி தூக்கி வந்த சோர்வு இல்லை அது.

7

முருகேசன் போன பிறகு சண்முகத்தாய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். குல்லாயையும் காலுறையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மழைக்காலத்தில் அந்த வாடை எழுந்து வரும். இத்தனை வருஷம் கழித்தும் வந்தது.

"வேட்டி ஒண்ணு கொடுத்துருவோமா?" என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் குல்லாயைக் கொடுக்க மனசில்லை.

"வேட்டி தலையில நிக்குமா?" என்றாள்.

கோமதி எங்கிருந்தோ வந்து எட்டிப் பார்த்தாள். இது யாருடையது என்று கேட்டாள். அவளுக்கு நாங்கள் இதைக் காட்டியதே இல்லை. சண்முகத்தாய் சொல்ல ஆரம்பித்தாள். பெட்டி, ஆரஞ்சுப் பழம், நான் பிளீச்சிங்கில் போட்டது, ரீத்தா ஆன்ட்டியின் தலையணை உறை. பிள்ளை வாயைத் திறந்தபடி கேட்டாள். குல்லாயை வாங்கித் தன் முட்டிக்காலில் மாட்டிப் பார்த்தாள். பிறகு முகர்ந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"இது என்றெயா. நான் தரில்ல" என்றாள். என்னுடையது, தரமாட்டேன்.

சண்முகத்தாய் பிடுங்கவில்லை. "உன்னுதுதான். அதனால நீயே கொண்டாந்து கொடு" என்றாள்.

சாயங்காலம் முருகேசனோடு நாங்கள் மூன்று பேரும் போட்டில் அக்கரைக்குப் போனோம். வழியெல்லாம் கோமதி குல்லாயைப் பாவாடை மடிப்புக்குள் பொத்தி வைத்திருந்தாள். வார்டில் முருகேசன் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சின்னப் பெண். தமிழ்க் குரல் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். சண்முகத்தாய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கோமதி கொஞ்சம் தள்ளி நின்றே கையை நீட்டினாள்.

அந்தப் பெண் குல்லாயை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவள் சட்டென்று நிறுத்தினாள். மூக்கருகில் பிடித்தாள். என்ன வாடை இது, பிள்ளைக்கு ஆகுமா என்று முகத்தில் தெரிந்தது. சண்முகத்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கோமதி கட்டில் பக்கம் போய்விட்டாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி, அம்மாவின் தமிழில் சொன்னாள்.

"எங்க அப்பா வாடை, அக்கா. ஒண்ணும் செய்யாது. நான் இருக்கேன்லா."